வெல்டிங் வைத்ததெல்லாம் ஏமாற்று வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய பொக்லைன் எந்திரம் ஒன்றை வாங்கி ஏமாந்த வாசகர் ஒருவரின் கடிதத்தை இதே பகுதியில் படித்தேன். வாங்கிய சில வாரங்களிலேயே பக்கெட்டின் காது, அதாவது பக்கெட்டை எந்திரத்தின் கையோடு மாட்டும் துளையிட்ட தகடு, முறிந்துவிட்டது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே பழைய வெல்டிங் தெரிந்தது என்று எழுதியிருந்தார். வெல்டிங் வைத்த எந்தப் பாகத்தையும் எந்திரத்தில் மாட்டக் கூடாது என்று சட்டமே வர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவருடைய கோபம் முழுக்க நியாயமானது. கோரிக்கைதான் தவறான இடத்தில் போய் நிற்கிறது.

பாகங்களைக் கோத்துப் பிடிக்கும் உருண்டையான எஃகுத் தண்டுக்கு ‘பின்’ என்று பெயர். அந்தப் பின் நுழையும் துளைகள் தேய்ந்துபோனால் வெல்டிங்கால் நிரப்பி, மீண்டும் சரியான அளவுக்குக் கடைந்து கொடுப்பது என் பட்டறையின் வேலை. பிழைப்புக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் சொல்வதை எந்த எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றும் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

மண்ணையும் கல்லையும் அள்ளுகிற எந்திரம் தேய்ந்தே தீரும். செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பக்கெட்டின் பல் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கிறது. பல் தேய வேண்டும், அதைத் தாங்கும் அடாப்டர் தேயக் கூடாது என்பது கணக்கு. புல்டோசர் பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டிய வெட்டுத் தகடு ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பி மாட்டுவதற்கென்றே பல எந்திரங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி செய்யப்பட்டிருக்கிறது. எந்திரத்தின் கையான பூமும் ஆர்மும் பக்கெட்டும் சேரும் இடங்களில், பின்னைச் சுற்றி உட்காரும் புஷ் என்ற குழாய்த் துண்டைப் போட்டிருப்பதும் இதற்காகத்தான். ஆக, எந்தப் பாகம் எவ்வளவு தேயலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பதெல்லாம் எந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கையேடு பெரும்பாலும் ஆபரேட்டரின் இருக்கைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கிடக்கும்.

பின் துளை விஷயத்துக்கு வருகிறேன். வாசகரின் பக்கெட்டில் முறிந்தது அந்த இடம்தான்.

பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறியது. வேளாவேளைக்குக் கிரீஸ் போகாவிட்டால் அந்த இடைவெளியில் மணல் நுழைந்து அரைக்கத் தொடங்கும். முதலில் புஷ் தேயும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் புஷ் தான் உட்கார்ந்த துளைக்குள்ளேயே சுழல ஆரம்பிக்கும். பிறகு காதின் துளையே நீள்வட்டமாகிவிடும். பாரம் விழும் பக்கம் மட்டும் தேய்ந்து, எதிர்ப்பக்கம் புதிதாகச் செய்தது போலவே இருக்கும். பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு ஆர்மை லேசாகத் தூக்கும்போது, பக்கெட் கிளம்புவதற்கு முன்னால் பின் மட்டும் ஒரு தடவை துள்ளினால் விஷயம் புஷ்ஷைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் நின்றால் காதிலேயே கேட்கும்.

இந்த நிலையில் சிலர் என்ன செய்கிறார்கள்? துளைக்குள் கையால் நான்கு தையல் வெல்டிங் வைத்து, கிரைண்டரால் கண்மட்டத்துக்குத் தேய்த்து, பின்னைச் சம்மட்டியால் அடித்து ஏற்றிவிடுகிறார்கள். கடினமாக்கிய பின்னைக் கடினமான சம்மட்டியால் அடிப்பது கண்ணுக்குள் எஃகுச் சில்லு பாய்வதற்கான சுலபமான வழி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படித் தேய்த்த துளையில் ‘பின்’ மூன்று நான்கு மேடுகளின் மீதுதான் உட்கார்ந்திருக்கும். பக்கெட்டின் முழுப் பாரமும் அந்த மேடுகளில்தான். அவை நசுங்கியதும் பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும்.

முறையாகச் செய்வது வேறு. இரு காதுகளின் ஊடாகவும் உளி பொருத்திய ஒரே நீளமான தண்டை, அதாவது போரிங் பாரைச் செலுத்தி, எந்திரத்தின் மீதே தாங்கிகளைப் பொருத்துவோம். பழைய மையம் எங்கே இருந்தது என்று காட்டிக்கொடுப்பது தேயாத பக்கம். அதை வைத்துத்தான் பாரை நிலைநிறுத்த வேண்டும். தேய்ந்த துளையின் நடுவை மையமாக எடுத்துக்கொண்டால் பக்கெட் காலத்துக்கும் கோணலாகவே நிற்கும். துருவும் கிரீஸும் போகத் துளையைச் சீவிச் சுத்தமாக்கிய பிறகு, உள்ளே சுற்றிக்கொண்டே போகும் வெல்டிங் டார்ச்சால் சுருள் சுருளாக உலோகத்தை ஏற்றுவோம். ஆறிய பிறகு கடைசல். முதல் வெட்டில் உளி மேட்டில் மட்டும் பட்டுப் பட்டுப் போகும். சத்தம் விட்டு விட்டு வரும். இரண்டாம் மூன்றாம் வெட்டில் இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் ஒரே சீரான இரைச்சலாகிவிடும். துளை வட்டமாகிவிட்டது என்பதைப் பட்டறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அளவுக் கருவியை விட்டு, குறுக்கிலும் நெடுக்கிலும், துளையின் முகப்பு, நடு, கடைசி என மூன்று ஆழத்திலும் பார்த்துவிட்டுத்தான் பாரைக் கழற்றுவது. புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றுவதும் கிடையாது. திரவ நைட்ரஜனில் போட்டால் கழித்தல் 196 டிகிரியில் அது சற்றுச் சுருங்கும். கையுறையோடு எடுத்து வைத்தால் துளைக்குள் தானே வழுக்கிப் போய் உட்கார்ந்து, சூடேற ஏறப் பிடித்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஹைட்ராலிக் ஜாக்கியால் அழுத்தி ஏற்றலாம்.

இப்படிச் செய்த துளைக்கும் புதுத் துளைக்கும் வேலையில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. இதையும் சட்டத்தால் தடுக்க வேண்டுமா என்பதை வாசகரே சொல்லட்டும்.

அப்படியானால் அவருடைய பக்கெட் ஏன் முறிந்தது? நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுதிய ஒரு வரி போதுமானது: ‘வெல்டிங் அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல் முறிந்திருக்கிறது.’ இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழகிய முறிவு. தடிமனான எஃகு மீது குளிர்ந்த நிலையிலேயே வெல்டிங் வைத்தால், சுற்றியுள்ள கனத்த உலோகம் சூட்டை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். தையலை ஒட்டிய பட்டை வேகமாகக் குளிர்ந்து, கடினமாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டிங் ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அந்தப் பட்டைக்குள் புகுந்துகொள்ளும். விரிசல் உடனே வராது. வேலையை முடித்து, பெயின்ட் அடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் போன பிறகு, ஒன்றிரண்டு நாள் கழித்து உள்ளே விழும்.

இதைத் தடுப்பதற்கான வழி எந்த வெல்டருக்கும் தெரியாததல்ல. 7018 போன்ற ஹைட்ரஜன் குறைந்த ராடு வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்திருந்த ராடை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காயவைத்து, சூடான பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்தையும் முன்னதாகச் சூடாக்க வேண்டும். கனமான வார்ப்பு அடாப்டர் என்றால் 150 டிகிரிக்குக் குறையாமல். சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தோ எச்சில் தெளித்தோ அளப்பதல்ல. குறித்த வெப்பத்தில் உருகும் சுண்ணக்கட்டி போன்ற குச்சி கடையில் கிடைக்கிறது, ஒரு கோடு இழுத்தால் தெரிந்துவிடும். மழையில் நனைந்த ராடுக் கட்டை எந்திரத்தின் சைலன்சர் மீது அடுக்கிக் காயவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நாலு பேர் சுற்றி நின்று அந்த யோசனையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூடாக்கினால் போதும் என்று எல்லா எஃகுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதும் ஆபத்து. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு என்று ஒன்று இருக்கிறது. சுமார் 12 விழுக்காடு மாங்கனீசு கலந்தது. அடி வாங்க வாங்க அதன் மேற்பரப்பு இறுகும். கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் புதிதில் 200 அளவில் இருப்பது, கல்லோடு மோதி மோதி 500ஐத் தொடும். கல் உடைக்கும் எந்திரத்தின் தாடைகளிலும் பெரிய சுரங்க ஷவல்களின் பாகங்களிலும் இதைப் பார்க்கலாம். இதற்கு முன்சூடு கொடுக்கவே கூடாது. வெல்டிங் வைக்கும்போதும் அக்கம்பக்கம் 260 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது. தாண்டினால் உள்ளே கார்பைடு படிந்து, அடி தாங்கும் குணமே போய்விடும். அதனால் சிறிது வைத்து, நிறுத்தி, ஆற விட்டு, வேறு இடத்தில் வைத்து என்று பொறுமையாகப் போக வேண்டும். ஆக ஒரு எஃகைக் காப்பாற்றும் சூடு இன்னொன்றைக் கெடுக்கிறது. எது எது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிரைண்டரால் மேல்தோலைச் சீவிவிட்டு ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். சாதாரண எஃகில் சட்டென்று ஒட்டும், மாங்கனீசு எஃகில் ஒட்டாமல் விழும். என் சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு, காந்தம் இல்லாத நாள் கிடையாது.

தேய்மானம் தாங்குவதற்காக மேலே வைக்கும் கடினப் பூச்சு வெல்டிங்கைப் பற்றியும் ஒரு புகார் அடிக்கடி வருகிறது. குரோமியம் கார்பைடு ராடால் வைத்த தையலில், ஆறியதும், வறண்ட ஏரியில் மண் வெடிப்பது போல் குறுக்கே வெடிப்புகள் விழும். உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு வேலை கெட்டுவிட்டது என்று சண்டைக்கு வருவார். அந்த வெடிப்புகள் அந்தப் பூச்சின் இயல்பு. உள்ளே தேங்கும் இழுவிசை அப்படித்தான் வெளியேறுகிறது. அடி உலோகத்துக்குள் இறங்காதவரை கவலையில்லை. இறங்காமல் இருக்க, இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் ஏற்றக் கூடாது. தேவையான இடத்தில் அடியில் மென்மையான உலோகத்தை ஓர் அடுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கோடு போடும் திசையும் முக்கியம். பாறையில் வேலை செய்யும் பக்கெட் என்றால் கல் ஓடும் திசையிலேயே கோடு போட வேண்டும், கல் அதன் மீது வழுக்கிப் போகும். மணலில் ஓடும் பக்கெட் என்றால் குறுக்காகப் போட வேண்டும். கோடுகளுக்கு நடுவே மணல் இறுகிப் படிந்துவிடும். பிறகு மணலே மணலோடு உராயும், எஃகு பிழைக்கும். இவ்வளவு மலிவான தந்திரம் இந்தத் தொழிலில் வேறு இல்லை. ஆனால் எந்திரம் எங்கே ஓடப்போகிறது என்று கேட்டுவிட்டுக் கோடு போடுகிறவர்கள் குறைவு.

சரி, வாசகர் பக்கம் நின்றும் பேசுகிறேன். தொடவே கூடாத பாகங்கள் உண்டு. கவிழ்ந்தால் ஆபரேட்டரைக் காக்கும் கூண்டு நசுங்கியிருந்தால் அதை நிமிர்த்தி வெல்டிங் வைப்பது குற்றத்துக்குச் சமம், மாற்றத்தான் வேண்டும். கடினமாக்கிய ‘பின்’ தேய்ந்தால் புதுப் ‘பின்’தான். மேல் எந்திரம் சுழலும் வளையத்தின் போல்ட்டுகளும் அப்படியே. டயர் மாட்டிய நிலையில் சக்கரத்தின் ரிம்மில் வெல்டிங் வைப்பதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். உள்ளே ரப்பர் சூடேறி வாயுவாகி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. காற்றை இறக்கிவிட்டோம் என்பதெல்லாம் போதாது, டயரையே கழற்றியாக வேண்டும்.

வெல்டிங் சரியாக இருந்து, எந்திரம் வேறு இடத்தில் கெடுவதும் உண்டு. பக்கெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டு வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை வசதிக்காக, எந்திரம் ஊர்ந்து போகும் செயின் மீது மாட்டியிருப்பார்கள். மின்சாரம் பக்கெட்டிலிருந்து பின், சிலிண்டர், சுழல் வளையம் என்று எல்லா வழியாகவும் புகுந்து கீழே வர வேண்டும். வளையத்துக்குள் குண்டுகள் பதியும் இடத்தில் பொறி பறந்து ஊசிமுனைக் குழிகள் விழும். சில மாதங்கள் கழித்து எந்திரம் சுழலும்போது கடகடவென்று சத்தம் வரும். யாருக்கும் பழைய வெல்டிங் நினைவுக்கு வராது. கிளாம்பு, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில், அதே துண்டின் மீது இருக்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். இன்றைய எந்திரங்களில் கம்ப்யூட்டர் பெட்டி எத்தனை இருக்கிறது என்பது அதைப் புகைய விட்டவர்களுக்குத் தெரியும்.

செயினைப் பற்றிக் கொஞ்சம். செயின் ‘இழுத்துவிட்டது’ என்று வருகிறார்கள். எஃகு ஒன்றும் நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உள்ளே தேய்ந்து, அந்தச் சிறு சிறு தேய்மானமெல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. புஷ்ஷின் ஒரு பக்கம்தான் செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் உராயும். உரிய காலத்தில் கொண்டுவந்தால் பின்னையும் புஷ்ஷையும் கழற்றி அரைச்சுற்று திருப்பி அழுத்திவிடலாம். புதிய முகம் கிடைக்கும், செயின் இன்னொரு காலம் ஓடும். புஷ்ஷின் சுவர் மெலிந்து வெடித்த பிறகு கொண்டுவந்தால் பழைய இரும்பு எடைக்குத்தான் போகும். நான்கைந்து கண்ணிகளின் நீளத்தை டேப்பால் அளந்து கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீளத்தைச் சரிக்கட்டச் செயினை விறைப்பாக இறுக்கி ஓட்டுபவர்கள் தேய்மானத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். தளர்த்தும்போதும் எச்சரிக்கை வேண்டும்: செயினை இறுக்கி வைத்திருக்கும் கிரீஸின் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறந்தால் அழுத்தத்தில் அந்த வால்வே துப்பாக்கிக் குண்டாகப் பாயும். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு திறக்க வேண்டாம்.

எனக்கு இருக்கும் குறை வேறு. பெரும்பாலான எந்திரங்கள் எங்களிடம் வரும்போது காலம் கடந்திருக்கும். ஆட்டம் தெரிய ஆரம்பித்தபோது ஒரு நாள் நிறுத்தியிருந்தால் புஷ் மட்டும் மாற்றினால் போதும். நிறுத்துவதில்லை. துளை போய், காது மெலிந்து, விரிசல் விட்ட பிறகு இரவு எட்டு மணிக்கு அழைத்து, விடிவதற்குள் எந்திரம் ஓட வேண்டும் என்பார்கள். முன்சூடு, ராடு காயவைத்தல், ஆற விடுதல் எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் வாங்குகிற வேலைதான் பின்னால் பெயின்டுக்குள் ஒளிந்துகொண்டு, வாசகரைப் போன்ற ஒருவர் தலையில் விழுகிறது. மறுக்கும் பட்டறையை விட்டுவிட்டு மறுக்காத பட்டறைக்குப் போவார்கள். மறுக்காதவரிடம் புகையை இழுக்கும் விசிறிகூட இருக்காது. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இலேயே சேர்த்துவிட்டது.

சட்டம் கேட்பதானால் இதைக் கேட்கலாம்: பாரம் தாங்கும் பாகத்தில் செய்த ஒவ்வொரு வெல்டிங்குக்கும் ஒரு தாள். என்ன எஃகு, எந்த ராடு, எவ்வளவு முன்சூடு, கடைந்த பிறகு என்ன அளவு, யார் செய்தது, இரண்டு நாள் கழித்துச் சிவப்புச் சாயம் தெளித்து விரிசல் பார்த்தார்களா என்ற விவரம். மண்வாரி எந்திரங்களின் வெல்டிங்குக்கென்றே அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி14.3 விதிமுறை இருக்கிறது; தாளில் என்னென்ன வேண்டும் என்று யாரும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. எந்திரம் கைமாறும்போது அந்தத் தாளும் கைமாற வேண்டும். தாள் இல்லாத வெல்டிங்குக்கு விலையைக் குறைத்துக் கேட்க வாங்குபவருக்குக் காரணம் கிடைக்கும். விற்பவருக்கும் அடுத்த முறை நல்ல பட்டறையைத் தேடக் காரணம் கிடைக்கும்.

கடைசியாக வாசகருக்கு ஒன்று. முறிந்த காதை இன்னும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். முறிந்த இரு முகங்களையும் பொருந்துகிறதா என்று ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துப் பார்க்காதீர்கள். கம்பி பிரஷ், அமிலம் எதுவும் வேண்டாம். மென்மையாகத் துடைத்து, படம் எடுத்துக்கொண்டு, லேசாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்தும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், கறுத்த பகுதி முறிவதற்கு வெகு முன்பே விட்ட விரிசல். அலை அலையாகக் கோடுகள் தெரிந்தால் அது சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கறுத்த பகுதிக்குள் பெயின்ட் கசிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் அவசியம் பாருங்கள். இருந்தால், பெயின்ட் அடித்த அன்றைக்கே விரிசல் அங்கே இருந்திருக்கிறது. விற்றவரிடம் பேசப் போகும்போது அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
போரிங் பட்டறை நடத்தும் வாசகர்